இடைவெளிகளை யார் நிரப்பினார்கள்? – 1995 ஹீமோஃபிலஸ் கட்டுரை மீது ஒரு விமர்சனம்

அறிவியலிலும் 'கிளாசிக்' என்று சில கட்டுரைகள் உண்டு. எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், படித்தவர்கள் ரொம்பக் குறைவு. 'சயின்ஸ்' இதழில் 1995 ஜூலை 28 அன்று வெளிவந்த ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே ஜீனோம் கட்டுரை அந்த ரகம். ராபர்ட் ஃப்ளைஷ்மன் முதல் பெயர், கிரெய்க் வென்டர் கடைசிப் பெயர், கூடவே நோபல் பரிசு பெற்ற ஹாமில்டன் ஸ்மித். தனித்து வாழக்கூடிய ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ.வும் முதன்முதலாக எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டது இதில்தான். மொத்தம் 18,30,137 எழுத்துகள்.

பாடப்புத்தகங்களில் இந்தக் கதை இரண்டே வரி. டி.என்.ஏ.வைச் சுக்குநூறாக உடைத்தார்கள், துண்டுகளைப் படித்தார்கள், கம்ப்யூட்டர் ஒட்டிக் கொடுத்தது. முடிந்தது கதை. பொய் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தப் பாதியை மறந்ததற்கு பாக்டீரியா ஆராய்ச்சி இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

தெரியாததைப் படிக்க தெரிந்தது வேண்டும்

முதலில் அடிப்படைச் சிக்கல். ஃபிரெடரிக் சாங்கர் 1977-ல் கொடுத்த முறையில் டி.என்.ஏ.வைப் படிக்க ஒரு பிரைமர் தேவை. பிரைமர் என்றால் இருபது எழுத்து நீளத்தில் செய்த ஒரு சின்னத் துண்டு. அது படிக்கவேண்டிய டி.என்.ஏ.வில் தனக்குப் பொருத்தமான இடத்தில் போய் ஒட்டும். அங்கிருந்து நொதி நகல் எடுக்கத் தொடங்கும், நாம் சில நூறு எழுத்துகள் படிப்போம். சரி, பிரைமர் ஒட்டவேண்டிய இடத்தின் எழுத்துகள் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? வேண்டும். அப்போ முழுக்கத் தெரியாத டி.என்.ஏ.வை எப்படிப் படிப்பது?

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நடை. தெரிந்த ஓரத்தில் நின்று ஐந்நூறு எழுத்து படி, அந்த முடிவில் புது பிரைமர் செய், மறுபடி ஐந்நூறு. பிரைமர் வாக்கிங் என்ற பெயரே அதைச் சொல்கிறது. இதில் கிடைப்பது உறுதியானது, ஆனால் ஆமை வேகம். பதினெட்டு லட்சம் எழுத்தை ஒரே ஓரத்திலிருந்து நடந்தால் மூவாயிரத்து அறுநூறு அடிக்கு மேல். ஒவ்வோர் அடிக்கும் பிரைமருக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தெரியாததைத் தெரிந்ததற்குள் செருகிவிடுவது. டி.என்.ஏ.வைத் தாறுமாறாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் நமக்கு எழுத்து எழுத்தாகத் தெரிந்த ஒரு பிளாஸ்மிடுக்குள் வைத்து, ஈ.கோலையில் வளர்ப்பது. இப்போது எந்தத் துண்டாக இருந்தாலும் இருபக்கமும் தெரிந்த பிளாஸ்மிட் ஓரம் இருக்கிறது. ஒரே ஜோடி பிரைமரால் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்கலாம். இதுதான் ஷாட்கன். இன்றைய இலுமினா இயந்திரங்கள் துண்டுகளின் இரு முனையிலும் அடாப்டர் ஒட்டுவதும் இதே தந்திரம்தான். ஈ.கோலை மட்டும் நடுவிலிருந்து போய்விட்டது.

வென்டரும் ஸ்மித்தும் இரண்டாவது வழியை முழு ஜீனோமுக்கே போட்டார்கள். முதலில் வரைபடம், பிறகு வரிசை என்பதுதான் அன்றைய பெரியவர்களின் நம்பிக்கை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இவர்களுக்கு நிதி தர மறுத்தது. அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. விமர்சனம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

கணக்கு சொன்னதும் கம்ப்யூட்டர் கொடுத்ததும்

தற்செயலாகத் துண்டு எடுத்தால் சில இடம் பலமுறை வரும், சில இடம் வரவே வராது. இதற்குக் கணக்கு இருக்கிறது. எரிக் லேண்டரும் மைக்கேல் வாட்டர்மனும் 1988-ல் கொடுத்தது. ஜீனோமின் நீளத்தைப் போல ஐந்து மடங்கு படித்தால் சுமார் 0.67 சதவீதம் படிக்கப்படாமல் தங்கும். பதினெட்டு லட்சத்து சொச்சத்தில் அது கிட்டத்தட்ட 12,300 எழுத்து. ஒரே இடத்தில் இருந்தால் பரவாயில்லை, ஜீனோம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகளாகச் சிதறிக் கிடக்கும்.

அவர்கள் 24,304 துண்டுகளைச் சேர்த்தார்கள். ஆறு மடங்குக்கு மேல். கம்ப்யூட்டர் சுமார் முப்பது மணி நேரம் ஓடியது. முடிவில் கிடைத்தது ஒரு முழு வட்டம் அல்ல. ஏறக்குறைய 210 தொடர்கள், ஓரங்களை மறுபடி ஒப்பிட்டுச் சேர்த்ததும் 140. தொடர்களுக்கு நடுவே 140 இடைவெளிகள்.

இதில் 98 இடைவெளிகளைத் தாண்டி ஒரு பிளாஸ்மிட் குளோன் கையில் இருந்தது. குளோனின் ஒரு முனை ஒரு தொடரில், மறுமுனை அடுத்த தொடரில். எனவே யார் பக்கத்தில் யார் என்பது தெரியும், நடுவில் என்ன எழுத்து என்பது மட்டும் தெரியாது. அந்தக் குளோனை எடுத்து நடந்தால் போதும். மீதி 42 இடைவெளிகளுக்கு அதுவும் இல்லை. பக்கத்து வீடு எது என்றே தெரியாது.

நாற்பத்திரண்டு இடைவெளி என்றால் எண்பத்துநான்கு முனை. எந்த முனைக்கு எந்த முனை ஜோடி என்று பி.சி.ஆரால் ஒவ்வொன்றாகச் சோதித்தால் சுமார் 3,400 ஜோடிகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலையா இது? அதனால் துப்பு தேடினார்கள். முனைகளிலிருந்து சிறு துண்டுகள் செய்து, வெவ்வேறு நொதிகளால் வெட்டிய ஜீனோம் மீது அவற்றை ஒட்டவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு முனைகள் எல்லா நொதியிலும் ஒரே அளவுப் பட்டையைக் காட்டினால் அவை பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கவேண்டும். லாம்டா வைரஸில் 15,000 முதல் 20,000 எழுத்து நீளமுள்ள பெரிய துண்டுகளை வைத்து, அவற்றின் இரு முனையையும் படித்து, பாலம் போட்டார்கள். சில இடங்களில் ஒரு தொடரின் ஓரமும் இன்னொரு தொடரின் ஓரமும் ஏற்கெனவே தெரிந்த ஒரே புரதத்தின் முன்பாதியும் பின்பாதியுமாக இருந்தன. அதையும் துப்பாக எடுத்துக்கொண்டார்கள். துப்பு கிடைத்த ஜோடிகளுக்கு பி.சி.ஆர்.

தற்செயல் இருக்கவேண்டிய இடத்தில் இவ்வளவு திட்டமிட்ட தேடல்! ஆனால் தலைப்பில் இருப்பது என்ன? 'முழு ஜீனோமின் தற்செயல் வரிசையாக்கமும் தொகுப்பும்' என்கிற அர்த்தத்தில் ஒரு தலைப்பு. இடைவெளியை அடைத்த வேலைக்குத் தலைப்பில் ஒரு சொல்கூட இல்லை. உள்ளே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள், அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் தலைப்புதான் வரலாறாக நின்றது.

எந்த இடம் விடுபடுகிறது?

இடைவெளி எங்கே விழுகிறது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. கணக்குப்படி அது எங்கு வேண்டுமானாலும் விழவேண்டும். நிஜத்தில் அப்படி இல்லை.

சில மரபணுக்கள் ஈ.கோலைக்கு விஷம். அந்தத் துண்டைச் சுமக்கும் ஈ.கோலை செத்துவிடும், அந்தக் குளோன் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. பத்து மடங்கு படித்தாலும் அந்த ஓட்டை அடையாது. அடுத்தது, திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். ஹீமோஃபிலஸில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக் கொத்து ஆறு இடத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் சில ஆயிரம் எழுத்து நீளம், கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒன்றுபோல. ஒரு தடவைக்கு நானூற்றுச் சொச்சம் எழுத்து மட்டும் படிக்கும் இயந்திரத்துக்கு, தான் நிற்பது எந்தக் கொத்தில் என்று தெரிய வழியில்லை. ஆறு சகோதரர்களுக்கும் ஒரே முகம் இருந்தால், வீட்டு வாசலைப் பார்த்துத்தான் யார் என்று சொல்லமுடியும். அதாவது இருபுறமும் உள்ள தனித்த பகுதியைத் தொடும் நீளத் துண்டு வேண்டும்.

ஆக, விடுபடுவது தற்செயலாக விடுபடுவதில்லை. முறைக்குப் பிடிக்காதது விடுபடுகிறது. புரதத் துப்பு முறைக்கும் இதே குறை உண்டு. ஏற்கெனவே தெரிந்த புரதம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பழகிய மரபணு இருக்கும் ஓட்டை சீக்கிரம் அடைபடும். இதுவரை யாரும் பார்க்காத மரபணு இருக்கும் ஓட்டைக்கு அந்த உதவி கிடையாது. தெரியாததைத் தேடிப் போகும் பயணத்தில் தெரிந்ததற்கே முன்னுரிமை.

இந்த ஹீமோஃபிலஸ் ஜீனோமில் அவர்கள் கணித்த மரபணுக்கள் 1,743. அதில் 1,007-க்கு வேலை ஒதுக்கினார்கள், பெரும்பாலும் வேறு உயிரிகளின் மரபணுவோடு இருந்த ஒற்றுமையை வைத்து. மீதி 736-க்கு வேலை தெரியவில்லை. அதிலும் 389-க்கு தரவுத்தளத்தில் ஒப்பிட எதுவுமே இல்லை. எழுத்து முழுக்கத் தெரிந்தும் பத்தில் நான்கு மரபணுவுக்கு மேல் அர்த்தம் தெரியாது. 'படித்தோம்' என்ற சொல்லை நாம் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறோம் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர்கள் எடுத்தது 'ஆர்டி' என்ற ஆய்வகத் திரிபு. ஸ்மித் 1970-ல் இரண்டாம் ரக வெட்டு நொதி ஒன்றைப் பிரித்தெடுத்ததும் இதே திரிபிலிருந்துதான், அந்த வகையில் ராசியான பாக்டீரியா. ஆனால் குழந்தைகளுக்கு மூளை உறைக் காய்ச்சல் தரும் பி-வகைத் திரிபிலுள்ள உறை இதற்குக் கிடையாது. உடலின் செல்களில் ஒட்டிக்கொள்ள உதவும் நார் மரபணுக் கொத்தும் இல்லை. இதைக் கட்டுரையே குறிப்பிடுகிறது. ஒரு திரிபின் ஜீனோம் ஓர் இனத்தின் ஜீனோம் ஆகாது என்பது பின்னால்தான் பலருக்கு உறைத்தது. 2005-ல் ஹெர்வே டெட்டெலின் குழு ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தின் எட்டுத் திரிபுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு புதுத் திரிபும் புது மரபணுக்களைக் கொண்டுவருகிறது என்று காட்டியது. அதே நிறுவனத்திலிருந்து வந்த வேலை அது. அந்த வகையில் தங்கள் குறையைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

அப்புறம் வந்த சோம்பேறித்தனம்

1995 குழு எவ்வளவு சலித்தாலும் 140 இடைவெளியையும் அடைத்துவிட்டுத்தான் எழுந்தது. பிறகு என்ன ஆயிற்று? 2005-க்குப் பிறகு வந்த இயந்திரங்கள் ஒரே ஓட்டத்தில் லட்சக்கணக்கான துண்டுகளைப் படித்தன, பிறகு கோடிக்கணக்கில். விலை மடமடவென்று சரிந்தது. துண்டின் நீளமும் சரிந்தது, ஆரம்பத்தில் நூறு எழுத்துக்கும் கீழே. திரும்ப வரும் பகுதியைத் தாண்ட முடியாததால் ஒரு பாக்டீரியா ஜீனோம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகவே நின்றது. அதை ஒட்ட யாரும் உட்காரவில்லை. 'வரைவு ஜீனோம்' என்று ஒரு கௌரவமான பெயர் வைத்து, தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டு, அடுத்த பாக்டீரியாவுக்குப் போய்விட்டார்கள்.

வரைவு போதும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் நோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பார்க்க ஒற்றை எழுத்து மாற்றங்கள் போதும், அதற்கு வட்டம் முழுமையாக வேண்டியதில்லை. பணமும் நேரமும் சும்மா வருவதில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி 'இந்த மரபணு இருக்கிறதா' என்பதிலிருந்து 'இந்த மரபணு எங்கே இருக்கிறது' என்று மாறும்போது வரைவு கையை விரித்துவிடும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் என்.டி.எம்.-1. கார்பபெனம் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கையே உடைக்கும் நொதி. 2010-ல் 'லான்செட்' குழும இதழில் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக வந்த கட்டுரையில் சென்னையிலிருந்து 44 மாதிரிகள், ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களிலிருந்து 73. நொதியின் பெயரில் டெல்லி வரலாமா என்று டிவியில் ஒரே சண்டை. அந்தக் கட்டுரையின் ஆகச் சுவாரசியமான வரியை யாரும் கவனிக்கவில்லை. மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிடில் இருந்தது. சென்னை, பிரிட்டன் மாதிரிகளின் பிளாஸ்மிடுகள் சுலபமாக இன்னொரு பாக்டீரியாவுக்குத் தாவின. ஹரியானா மாதிரிகளில் அப்படித் தாவவில்லை.

மரபணு ஒன்றேதான், 813 எழுத்து. ஆபத்து வேறு வேறு. வித்தியாசம் மரபணுவில் இல்லை, அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. அந்த அக்கம்பக்கம் எப்படிப்பட்டது? மரபணுவுக்கு முன்னால் ஐ.எஸ்.ஏபிஏ125 என்ற தாவும் துண்டு, முழுசாகவோ பாதியாகவோ. இந்த மாதிரித் தாவும் துண்டுகள் ஒரே பாக்டீரியாவில் பல பிரதிகள் இருக்கக்கூடும். குட்டைத் துண்டுகளை வைத்துத் தொகுக்கும்போது தொடர் அறுபடுவது சரியாக இந்த இடத்தில்தான். எந்த மரபணு எந்த பிளாஸ்மிடில் ஏறியிருக்கிறது என்று தெரியவேண்டிய இடத்தில் ஓட்டை. முறைக்குப் பிடிக்காதது விடுபடுகிறது என்று மேலே சொன்னேனே, அதன் விலை இதுதான்.

மாலையின் முடிச்சு

வரைவுக்கும் முழுமைக்கும் நடுவில் ஒரு பழைய கைவேலை உண்டு. இன்றைய மாணவர்கள் பலர் செய்து பார்த்திராத இன்வர்ஸ் பி.சி.ஆர். 1988-ல் ஹாவர்ட் ஓக்மன் குழுவினர் எழுதியது.

ஒரு பூமாலையில் நடுவில் உள்ள ஒரே ஒரு பூவைத்தான் நமக்கு அடையாளம் தெரியும் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் என்ன பூ என்று தெரியாது. மாலையின் இரு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால்? தெரிந்த பூவிலிருந்து வெளிப்பக்கமாகக் கிளம்பினால் தெரியாத பூக்கள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு மறுபடி அதே பூவுக்கு வந்து சேர்ந்துவிடலாம். டி.என்.ஏ.வை ஒரு வெட்டு நொதியால் வெட்டி, நன்றாக நீர்க்கவிட்டு, லைகேஸால் ஒட்டினால், பக்கத்துத் துண்டோடு ஒட்டுவதற்குப் பதில் தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும். பிறகு தெரிந்த மரபணுவுக்குள்ளிருந்து வெளிநோக்கிப் பார்க்கும் இரண்டு பிரைமர்கள். அவ்வளவுதான். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம்.

டிரான்ஸ்போசான் செருகி மரபணுக்களைக் கெடுத்துப் பார்க்கும் ஆய்வகங்களில் இதன் தேவை தெளிவாகத் தெரியும். செருகியது எங்கே போய் உட்கார்ந்தது என்று அறிய, டிரான்ஸ்போசானின் தெரிந்த ஓரத்திலிருந்து வெளியே படிக்கவேண்டும். 2009-ல் வந்த டி.என்-செக் முறை இதையே லட்சக்கணக்கான செருகல்களுக்கு ஒரே சமயத்தில் செய்கிறது. யுக்தி அதேதான், அளவுதான் வேறு.

குறை இல்லையா? இருக்கிறது. வெட்டும் இடம் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் மாலை சின்னதாகிவிடும், ரொம்பத் தூரத்தில் இருந்தால் பி.சி.ஆர். எட்டாது. நீர்க்கவிடுவது போதவில்லை என்றால் சம்பந்தமில்லாத இரண்டு துண்டுகள் ஒட்டி, ஜீனோமில் இல்லாத ஒரு பக்கத்து வீட்டை நமக்குக் காட்டும். அதனால் முடிவை மூல டி.என்.ஏ.வில் நேரடி பி.சி.ஆர். செய்து சரிபார்க்கவேண்டும். இந்தச் சரிபார்க்கும் பழக்கம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பழைய முறைகளின் பெரிய சொத்து. ஒவ்வோர் இணைப்புக்கும் ஆதாரம் கேட்டுப் பழகிய கை அது.

அந்தப் பழக்கம் போனதும் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி. சாங்கர் குழு 1977-ல் வரிசைப்படுத்திய குட்டி வைரஸ் ஃபை-எக்ஸ்174. இலுமினா இயந்திரங்களில் ஓட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க அதன் டி.என்.ஏ.வைத்தான் கூடவே சேர்த்து ஓட்டுவார்கள். 2015-ல் ஒரு குழு தரவுத்தளங்களைத் துழாவியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் ஜீனோம்களில் இந்த வைரஸின் வரிசை ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே முதலில் படிக்கப்பட்ட டி.என்.ஏ. ஜீனோம், எல்லோருக்கும் தெரிந்த வரிசை. அதையே களையாமல் ஏற்றியிருக்கிறார்கள் என்றால், யாருக்கும் தெரியாத வரிசைகளில் என்னவெல்லாம் கலந்திருக்கும்?

நீளமான துண்டுகள் வந்தாச்சே?

வந்தாச்சு. 2013-ல் பேக்பயோவின் நீளத் துண்டுகளை மட்டும் வைத்து பாக்டீரியா ஜீனோம்களை முழுமைக்கு மிக அருகில் கொண்டுவர முடிந்தது. 2015-ல் நானோபோர் தரவை மட்டும் வைத்தே ஈ.கோலை ஒரே தொடராக வந்தது. ஈ.கோலையின் ஏழு ரைபோசோம் கொத்துகளையும் பல்லாயிரம் எழுத்து நீளத் துண்டு ஒரே எட்டில் தாண்டிவிடும். ஃப்ளைஷ்மன் குழு மெனக்கெட்ட நாற்பத்திரண்டு இடைவெளிகள் இன்று இடைவெளியே அல்ல.

ஆனால் பழைய பாடம் போகவில்லை, வேஷம் மாறியிருக்கிறது. நானோபோரில் ஒரே எழுத்து வரிசையாகப் பலமுறை வந்தால் எண்ணிக்கை தவறும். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் மெத்தில் ஒட்டியிருக்கும் இடங்களில் எழுத்து தவறும், அதுவும் எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி நடக்கும் தவறை நூறு மடங்கு படித்தாலும் திருத்தமுடியாது. நூலகம் தயாரிக்கும்போது சின்ன பிளாஸ்மிடுகள் தவறிப்போவதும் உண்டு. வட்டம் அழகாக மூடியிருக்கும், ஒரு பிளாஸ்மிடைக் காணோம். இடைவெளி இருந்தாலாவது 'இங்கே எனக்குத் தெரியாது' என்று அது சொல்லும். மூடிய வட்டம் எதுவும் சொல்லாது.

என் தீர்ப்பு இது. 1995 கட்டுரையின் பெருமை தற்செயலில் இல்லை. 24,304 துண்டுகளைப் படித்தது பாதி வேலை. 98-ஐயும் 42-ஐயும் தனித்தனியாகப் பிரித்து, இது எழுத்து தெரியாத ஓட்டை, இது இடமே தெரியாத ஓட்டை என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வழி தேடியதுதான் அவர்கள் செய்த அறிவியல். குறை என்னவென்றால், அதைத் தலைப்பில் வைக்கவில்லை. அடுத்த தலைமுறை தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த முறை 'முழு ஜீனோம்' என்று ஒரு செய்தியைப் பார்த்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை தொடர்களாக நிற்கிறது? திரும்ப வரும் பகுதிகளை எதை வைத்துத் தாண்டினார்கள்? இணைப்புகளை வேறொரு முறையால் சரிபார்த்தார்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது முழு ஜீனோம். இல்லையென்றால் வரைவு, எவ்வளவு பெரிய இதழில் வந்திருந்தாலும் சரி.